மல்லாந்து ஒரு தூக்கம்

எங்கள் மருத்துவமனையில் என்னைக் கட்டிலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பதவிக்கென்று நீளமான பெயர் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லி முடிப்பதற்குள் கேட்பவர் கொட்டாவி விட்டுவிடுவார். எந்த வார்டில் எந்தக் கட்டில் காலி, அதில் அடுத்து யாரைப் படுக்க வைப்பது என்று தீர்மானிப்பது என் வேலை. லாட்ஜ் நடத்துவது மாதிரிதான். என்ன, லாட்ஜில் வருகிறவர்கள் போகவும் செய்வார்கள். இங்கே வருகிறவர்கள் வந்துகொண்டே இருப்பார்கள்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு நேரம் வரும். பார்க்க வந்தவர்கள் போயிருப்பார்கள், ரவுண்ட்ஸ் முடிந்திருக்கும், நீண்ட நடைவழியில் வெயில் ஜன்னல் ஜன்னலாக விழுந்து கிடக்கும். அந்த வெளிச்சத்தில் ஒரு கட்டில் உருண்டு வரும். மேலே யாரோ கண்மூடிக் கிடப்பார்கள். தள்ளுகிறவரின் காலடிகூடக் கேட்காது. வெயிலுக்குள் வந்து, நிழலுக்குள் போய், மறுபடி வெயிலுக்குள் வந்து, திருப்பத்தில் மறைந்துவிடும். இந்தக் கட்டடம் முழுக்கத் தூங்குகிறது, நான் அதன் கனவுக்குள் நின்றுகொண்டிருக்கிறேன் என்று அப்போது தோன்றும். எனக்குக் கவிதையெல்லாம் வராது. தூக்கம்தான் வரும், அதனால் தோன்றுவது.

தூக்கம் வராதவள் என் தங்கை. வீட்டின் முன்பக்கத்தில் அவளும் அவள் கணவரும், பின்பக்கத்தில் நான். பஸ் நிலையத்தில் டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்திருப்பது அவள் உத்தியோகம். அவள் கழுத்தில் ஒரு கட்டி உள்பக்கமாகவே வளர்ந்து மூச்சுக்குழாயை அமுக்கிக்கொண்டிருந்தது. மல்லாந்தால் தொண்டையில் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்குமாம். ஒருக்களித்தாலும் அதே கதை. ஏறக்குறைய ஒரு வருடமாக அவள் நாற்காலியில் உட்கார்ந்து, மேசைமேல் தலையணையை வைத்து, அதில் நெற்றியைச் சாய்த்துத்தான் தூங்கினாள். தூங்கினாள் என்பது மரியாதைக்குச் சொல்வது.

"பகல்ல உட்காந்தா சம்பளம், ராத்திரி உட்காந்தா ஓவர்டைம்" என்பாள். குரல் காகிதம் உரசுகிற மாதிரி ஆகிவிட்டிருந்தது. தன் ஜோக்குக்குத் தானே சிரிப்பாள், சிரிப்பு இருமலாகும், இருமல் முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மல்லாந்து படுத்து ஒரே ஒரு தூக்கம்க்கா. அது போதும்" என்பாள்.

கட்டியை எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று கத்தி டாக்டர் சொல்லியிருந்தார். ஆபரேஷன் செய்கிறவர் என்பதால் அந்தப் பெயர். பேச்சும் கொஞ்சம் அப்படித்தான் இருக்கும். "தள்ளிப் போட்டுக்கிட்டே இருக்காதீங்க, மூச்சு விசிலடிக்க ஆரம்பிச்சிடுச்சு" என்று என்னைப் பார்த்து எரிந்து விழுந்தார். தள்ளிப் போட்டது நானா? இரண்டு முறை தேதி குறித்து இரண்டு முறையும் கட்டில் இல்லையென்று அவளைத் திருப்பி அனுப்பியது இந்த மருத்துவமனை. அனுப்பியது மருத்துவமனை, வாய்திறந்து சொன்னது நான். கட்டிலக்கா தங்கைக்கே கட்டில் கிடைக்கவில்லை என்று கேன்டீனில் ஒரு மாதம் சிரித்தார்கள்.

எங்கள் வழக்கத்தைச் சொன்னால்தான் விளங்கும். ஆபரேஷனுக்குத் தேதி குறித்தவர்கள் முந்தின நாளே வந்துவிட வேண்டும். வந்து, உடை மாற்றி, கட்டிலில் படுத்துக்கொள்ள வேண்டும். அன்றைக்கு அவர்களுக்கு ஒரு வைத்தியமும் கிடையாது. பரிசோதனையெல்லாம் எப்போதோ முடிந்திருக்கும். இருந்தாலும் படுக்க வேண்டும், ஏனென்றால் எங்கள் இடத்தில் காலிக் கட்டில் காலியாக இருக்காது. அவசரச் சிகிச்சைப் பிரிவு கொத்திக்கொண்டு போய்விடும். பஸ் ஸீட்டில் துண்டு போட்டு இடம் பிடிப்பதில்லையா, அதேதான். இங்கே துண்டுக்குப் பதில் ஆளையே போட்டுவிடுவோம்.

முதல் முறை என் தங்கை வந்த அன்று எங்கோ ஒரு பஸ் கவிழ்ந்து அத்தனை கட்டிலும் நிறைந்துவிட்டது. அதற்கு யாரும் ஒன்றும் செய்ய முடியாது. இரண்டாம் முறைதான் கொடுமை. கட்டில் கிடைத்தது. இவளால்தான் படுக்க முடியாதே, கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள். விடிகிற நேரத்தில் அவசரப் பிரிவிலிருந்து காய்ச்சலில் அனத்திக்கொண்டிருந்த ஒருவரைத் தள்ளி வந்தவர்கள் பார்த்தார்கள்: கட்டிலில் ஆளில்லை. அரையிருட்டில், நாற்காலியில் இருப்பவளை யாரோ நோயாளியின் சொந்தக்காரி என்று நினைத்துக்கொண்டு அவரைத் தூக்கிப் படுக்க வைத்துவிட்டார்கள். என் தங்கை வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. போதாக்குறைக்குத் தன் தலையணையை வேறு அவர் தலைக்கு வைத்திருக்கிறாள்.

காலையில் நான் வந்தபோது பையை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"அக்கா, இனிமே என்னைக் கூப்பிடாத" என்றாள். "ஒவ்வொரு தடவையும் மனச ரெடி பண்ணிக்கிட்டு வர்றது இருக்கே, அதுதான் முடியல."

சொன்னால் சொன்னதுதான். தங்கச்சி வீட்டுக்காரர் கெஞ்சிப் பார்த்தார், நான் மிரட்டிப் பார்த்தேன். அசையவில்லை. முன்பக்கத்திலிருந்து அவள் மூச்சு விசிலடிப்பது பின்பக்கம் வரை கேட்கும். அந்தச் சத்தம் நின்றாலும் பயமாக இருக்கும், நிற்காவிட்டாலும் பயமாக இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் பாயை விரித்துப் படுத்துக்கொண்டு, பழைய கதையை மறுபடி கிளறினேன்.

"நீ ஏன் கட்டில்ல படுக்கல? சும்மா ஒரு காலையாவது தூக்கி வெச்சிருக்கலாமில்ல? ஆள் இருக்குன்னு தெரிஞ்சிருக்கும்."

அவள் தலையணையிலிருந்து முகத்தை எடுக்காமலே பேசினாள். "எனக்கு எதுக்குக்கா அன்னைக்குக் கட்டில்? படுக்க முடிஞ்சா நான் ஏன் ஆஸ்பத்திரிக்கு வர்றேன்? எல்லாம் அறுத்து முடிச்சப்புறம்தானே எனக்குக் கட்டில் வேணும். அதுவரைக்கும் நாற்காலியே போதுமே."

இத்தனை வருடம் கட்டிலோடு மாரடிக்கிற எனக்கு இது தோன்றியதே இல்லை. மேலே மின்விசிறி மெதுவாகச் சுற்றியது. அப்படியே கண்ணயர்ந்துவிட்டேன்.

கனவில் மருத்துவமனை நடைவழி முடிவில்லாமல் நீண்டு கிடந்தது. கட்டில்கள் யாரும் தள்ளாமல் தாமாக உருண்டு போய்க்கொண்டிருந்தன, எல்லாம் காலி, எல்லாவற்றிலும் வெள்ளை விரிப்பு, விரிப்பின் ஓரங்கள் காற்றில் ஆடின. இரண்டு பக்கமும் நாற்காலிகளில் ஜனங்கள் பையை மடியில் வைத்துக்கொண்டு பொறுமையாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு கவுண்டர், உள்ளே என் தங்கை. "எங்க போகணும்?" என்று ஒவ்வொருவரையும் கேட்கிறாள். "தூங்கப் போகணும்" என்கிறார்கள். டிக்கெட்டைக் கிழித்துக் கொடுக்கிறாள். வாங்கினவர் எழுந்து நடந்து போகிறார், நடக்க நடக்க ஒரு கட்டில் வந்து அவர் பக்கத்தில் நிற்கிறது. என் முறை வந்தது. "உனக்கு நாளைக்குத்தான்" என்று என் தங்கை கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். விழித்துக்கொண்டேன். மேசைமேல் தலை சாய்த்தபடி அவள் விசிலடித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை வார்டு வார்டாகப் போனேன். கட்டில் காலியா என்று கேட்கவில்லை. படுத்திருப்பவர்களிடம் போய், "எதுக்குப் படுத்திருக்கீங்க?" என்று கேட்டேன். பைத்தியம் பிடித்துவிட்டது என்று சிலர் நினைத்திருப்பார்கள்.

பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஒருவர், "நாளைக்கு ஆபரேஷன்மா. பாத்ரூம் போனாக்கூட சம்சாரத்தைப் படுக்க வெச்சுட்டுத்தான் போறேன்" என்றார். பக்கத்தில் நின்ற சம்சாரம் ஆமாம் என்று தலையாட்டினாள். அடுத்த கட்டிலில் ஒரு பெண், வீட்டுக்குப் போகிற உடையில், செருப்பைக்கூட மாட்டிக்கொண்டு படுத்திருந்தாள். "நேத்தே போகச் சொல்லிட்டாங்க. பையன் வேலை முடிஞ்சு சாயந்திரம்தான் வருவான். உட்கார எங்க இடம் இருக்கு?" என்றாள். மேல்மாடி வார்டில் துடைத்து வைத்த கட்டில் ஒன்று வெயிலில் பளபளத்தது. அதன் பொறுப்பு நர்ஸ், எல்லோரும் சிஸ்டரம்மா என்று கூப்பிடுகிற மனுஷி, "அது இன்னும் காயல" என்றாள். தொட்டுப் பார்த்தேன், அப்பளம் மாதிரி காய்ந்திருந்தது. அவளைக் குற்றம் சொல்ல முடியாது. தன் வார்டில் யாருக்காவது திடீரென்று முடியாமல் போனால் என்ன செய்வது என்று ஒன்றை முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறாள். எல்லா வார்டிலும் ஒன்று காயாமல் இருக்கிறது.

எனக்கு ஒரு பக்கம் ஆத்திரமாக வந்தது, இன்னொரு பக்கம் சிரிப்பு. நோயாளிக்குக் கட்டில் இல்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறோம். நோயாளிகளோ கட்டிலுக்குக் காவல் படுத்திருக்கிறார்கள்.

காலைக் கூட்டத்தில் சொல்லிவிட்டேன். ஆபரேஷன்காரர்கள் முந்தின நாள் வர வேண்டாம். அன்று காலை வரட்டும். கீழே பெரிய ஜன்னல்கள் வைத்த கூடம் ஒன்று உடைந்த மேசைகளோடு சும்மா கிடக்கிறது. அதைச் சுத்தம் செய்து நல்ல நாற்காலிகள் போடுவோம். அங்கே உட்கார்ந்திருந்து, தம் காலால் நடந்து ஆபரேஷன் தியேட்டருக்குப் போகட்டும். வீட்டுக்குப் போகிறவர்கள் காலையிலேயே கட்டிலை விட்டு எழுந்து அதே கூடத்தில் டீ குடித்துக்கொண்டு சொந்தக்காரர்களுக்குக் காத்திருக்கட்டும். உள்ளே போனவர் வெளியே வருவதற்குள் அவர்கள் விட்ட கட்டில் இவருக்குத் தயாராகிவிடும்.

கத்தி டாக்டர் கையைக் கட்டிக்கொண்டார். "கட்டில் எதுன்னு தெரியாம நான் மயக்க மருந்து குடுக்கச் சொல்ல மாட்டேன். அறுத்து முடிச்சுட்டு ஆளை எங்க வைக்கிறது, உங்க டேபிள் மேலயா?"

"எந்தக் கட்டில்னு காலையிலயே சொல்லிடறேன் டாக்டர். அதுல இருக்கறவங்க எழுந்துடுவாங்க. நான் எழுப்பறேன்."

"எழுந்திரிக்கலன்னா?"

"நான் பொறுப்பு."

சிஸ்டரம்மா கேட்டாள், சத்தமில்லாமல், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி: "முதல் ஆள் யாரு, உங்க தங்கச்சியா?"

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். முகம் சூடாகிவிட்டது எனக்கு. மழுப்ப நூறு வழி இருந்தது. "ஆமா, என் தங்கச்சிதான்" என்றேன். "படுத்து இடம் பிடிக்க முடியாத பேஷன்ட் நம்மகிட்ட அவ ஒருத்திதான்."

தலைமை அதிகாரி வெகுநேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். ஒரு மாதம் செய்து பார்க்கலாம், ஒரே ஒரு நோயாளி கட்டிலில்லாமல் தியேட்டரில் மாட்டிக்கொண்டாலும் அன்றோடு மூட்டை கட்டிவிட வேண்டும் என்றார். சரி என்றேன்.

இனி தங்கையைச் சம்மதிக்க வைக்க வேண்டும். அது தலைமை அதிகாரியைவிடப் பெரிய மலை. அவள் கவுண்டரிலிருந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் விஷயத்தைச் சொன்னேன்.

"கட்டில் இருக்கா?" என்று கேட்டாள்.

"இல்ல."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். ஒரு வருடமாகத் தூங்காத கண்கள், ஓரமெல்லாம் சிவந்து கிடந்தன. பிறகு சிரித்தாள், இருமினாள். "ரெண்டு தடவையும் இருக்கு இருக்குன்னு கூட்டிட்டுப் போன. இந்தத் தடவையாவது உண்மையச் சொன்னியே. வர்றேன்."

அந்தக் காலை இன்னும் எனக்குப் பாதி கனவாகத்தான் ஞாபகமிருக்கிறது. கூடத்தில் வெயில் பால் மாதிரி பரவியிருந்தது. வீட்டுக்குப் போகிறவர்களும் ஆபரேஷனுக்குப் போகிறவர்களும் கலந்து உட்கார்ந்திருந்தார்கள். முடித்தவர்கள் முடிக்காதவர்களுக்குத் தைரியம் சொன்னார்கள். யாரும் உரக்கப் பேசவில்லை, ஏனோ தெரியவில்லை. என் தங்கை பச்சை உடையில், ஜன்னலோர நாற்காலியில், வழக்கம் போல உட்கார்ந்திருந்தாள். கூப்பிட்டதும் எழுந்து, என்னிடம் செருப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, ஏதோ கடைக்குப் போகிற மாதிரி நடந்து தியேட்டர் கதவுக்குள் போனாள். கதவு இரண்டு முறை ஆடி நின்றது.

அவளுக்கென்று சொல்லியிருந்த கட்டில் மேல்மாடியில் இருந்தது. போனால், அதில் இருந்த பெண் எழுந்திரிக்க மாட்டேன் என்கிறாள். போன தடவை பையன் வர மறந்துவிட்டானாம், கீழே போய் உட்கார்ந்தால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள் என்று பயம். அதட்டினேன். பயனில்லை. பையனுக்கு ஃபோன் போட்டுப் பேச வைத்தேன், அதற்கும் அழுகைதான் வந்தது. உள்ளே கத்தி டாக்டர் தையல் போட ஆரம்பித்திருப்பார்.

அப்போது சிஸ்டரம்மா மூலையிலிருந்த கட்டிலின் பிரேக்கைக் காலால் தட்டி விடுவித்து, உருட்டிக்கொண்டு வந்து என் முன்னால் நிறுத்தினாள். காயாத கட்டில்.

"காஞ்சிடுச்சு" என்றாள்.

நான் நன்றி சொல்ல வாயெடுத்தேன். "அதெல்லாம் வேணாம். இன்னைக்கு ஒரு நாளைக்குத்தான். நாளைலேர்ந்து இவங்களையெல்லாம் ஒழுங்கா எழுப்புங்க" என்று போய்விட்டாள்.

எழுப்பினேன். அடுத்து வந்த காலைகளில் எல்லா வார்டிலும் என் குரல்தான். குளித்தாயிற்றா, பை கட்டியாயிற்றா, கீழே டீ ஆறுகிறது, கிளம்புங்கள். கெஞ்சி, கிண்டல் செய்து, சில சமயம் கண்ணை உருட்டி. கூடம் நிறைந்தது. ஒருவர்கூடத் திருப்பி அனுப்பப்படவில்லை. கேன்டீனில் எனக்குப் புதுப் பெயர், அலாரம்.

தங்கையை முதல் நாள் தலையை உயர்த்தியே வைத்திருந்தார்கள். அடுத்த நாளும் கழுத்துக் கட்டோடு சாய்ந்துதான் இருந்தாள், படுக்கப் பயம். பழக்கம் சும்மா விடுமா? வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்ன காலையில் அவள் கட்டிலை வேறொருத்திக்குக் கொடுத்திருந்தேன். பள்ளிக்கூட ஆசிரியை, வயிற்றில் கட்டி. என் வாக்கை நம்பி, கூடத்தில் உட்கார்ந்திருந்து, நடந்து உள்ளே போய்விட்டாள்.

தங்கையை எழுப்ப மேல்மாடிக்குப் போனேன். திரையை விலக்கினேன்.

மல்லாந்து கிடந்தாள். தலையணை எங்கோ நழுவியிருந்தது. கைகள் இரண்டும் இரண்டு பக்கமும் விரிந்து, உள்ளங்கை மேலே பார்த்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. விசில் இல்லை. எவ்வளவு குனிந்தாலும் மூச்சுச் சத்தமே கேட்கவில்லை, போர்வை ஏறி இறங்குவதை வைத்துத்தான் தெரிந்தது. முகத்தில் ஒரு வருடமாக இருந்த சுருக்கம் எல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. இவ்வளவு சின்னவளா இவள் என்று இருந்தது எனக்கு. அழுதுவிட்டேன்.

சிஸ்டரம்மா பின்னால் வந்து நின்றாள். "விடியறப்பதான் பயம் தெளிஞ்சு படுத்தா. பாவம், தூங்கட்டும். கட்டில் இன்னும் காயலன்னு சொல்லி நான் சமாளிக்கிறேன்" என்று காதோடு சொன்னாள்.

சரி என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்துவிட்டது. யார் கேட்கப் போகிறார்கள்? ஒரு மத்தியானம் வரைக்கும்தானே. ஆனால் கீழே தியேட்டரில் இன்னொருத்தி கண்மூடிக் கிடக்கிறாள். எழுந்ததும் தனக்கு ஓர் இடம் இருக்கும் என்று நான் சொன்னதால் மட்டும் மூடிய கண். தூங்குகிறவர்கள் இரண்டு பேர், கட்டில் ஒன்று. ஊரில் எல்லோரையும் எழுப்பினவள், இவளை மட்டும் விட்டால் நாளைக்கு எந்த முகத்தோடு எவரை எழுப்புவேன்? எனக்கு என் வேலை மேல் அந்த நிமிடம் வந்த வெறுப்பு கொஞ்சநஞ்சமல்ல.

தோளைத் தொட்டேன். விழிக்கவில்லை. உலுக்கினேன். இமை பிரிந்தது, நான் யாரென்று தெரியாமல் சற்று நேரம் பார்த்தாள்.

"எழுந்திரும்மா. ஆள் வர்றாங்க."

"இன்னும் கொஞ்ச நேரம்க்கா" என்றாள். புதுக் குரல், கரகரப்பாக இருந்தாலும் காற்றோட்டமான குரல்.

"முடியாது."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். என்ன தெரிந்ததோ, கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். சக்கர நாற்காலிக்கு மாறிக்கொண்டு, "நல்லாத் தூங்கினேன்" என்று சொன்னாள்.

நடைவழியில் வெயில் விழுந்திருந்தது. எதிரே டிராலி வந்தது, அந்த ஆசிரியைதான். தள்ளி வந்த இரண்டு பேரும் ஏதோ சம்பளப் பேச்சில் சத்தமாகச் சண்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். என் தங்கை கையை நீட்டி என்னை நிறுத்தச் சொன்னாள். டிராலி பக்கத்தில் வந்ததும், கழுத்துக் கட்டோடு மெல்லத் திரும்பி, மேலே கிடந்தவளின் முகத்தை எட்டிப் பார்த்தாள்.

"தூங்கறாங்க" என்று அவர்களிடம் கிசுகிசுத்தாள். "மெதுவாப் போங்க."